வெள்ளையணு 3.1 என்று வந்திருக்கிறது, பயப்படணுமா?

ஈசூன்_மல்லி | திங்கள், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல்முறை எழுதுகிறேன். போன வாரம் வேலையிடத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாம் சரி. வெள்ளையணு மட்டும் 3.1, பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்புக்குறி. நார்மல் 4 முதல் 10 வரை என்று போட்டிருக்கிறது. நியூட்ரோஃபில் 39%, லிம்ஃபோசைட் 49%, அதற்கும் ஓர் அம்புக்குறி, ஆனால் மேல்நோக்கி. மோனோசைட் 9. ஹீமோகுளோபின் 12.4, பிளேட்லெட் 221.

வயது 38. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, தினமும் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. கூகிளில் "லிம்ஃபோசைட் அதிகம்" என்று தேடினேன், முதல் பக்கத்திலேயே ரத்தப் புற்றுநோய். அதோடு தூக்கம் போச்சு. தஞ்சாவூரில் இருக்கும் தம்பிக்கு ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், அவன் "என்னக்கா, இங்கே எல்லாருக்கும் எட்டாயிரம் பத்தாயிரம்னு வருது, உனக்கு மூணுதானா?" என்று கேட்டு அம்மாவையும் அழ வைத்துவிட்டான். ரிப்போர்ட்டின் அடியில் "உங்கள் மருத்துவரை அணுகவும்" என்று ஒரே வரி. வெள்ளிக்கிழமைதான் பலதுறை மருந்தகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. அதுவரை எப்படித் தள்ளுவது?


கோப்பி_ஓ_கோசோங் | திங்கள், இரவு 11.05

முதல் வேலை, கூகிளை மூடுங்க. எனக்குத் தலைவலி வந்தபோது அது எனக்கு மூன்று விதமான மூளைக்கட்டி கொடுத்தது, கடைசியில் பார்த்தால் கண்ணாடி பவர் மாறியிருந்தது. நைட்_ஷிப்ட் அக்கா வருவாங்க, அதுவரைக்கும் ஒரு மைலோ குடிச்சிட்டுப் படுங்க லா.


தேக்கா_தாத்தா | செவ்வாய், காலை 6.10

அம்மா மல்லி, பயப்படாதே. எனக்கு 2020ல் டெங்கி வந்தது. அந்த வருஷம் சிங்கப்பூர் முழுக்க 35 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கி, எங்கள் புளோக் கீழேயே சிவப்புப் பதாகை கட்டியிருந்தார்கள். எனக்கு நாலாவது நாள் வெள்ளையணு 2.1. அப்போது பிளேட்லெட் 130 இருந்தது, "பரவாயில்லை" என்றுதான் நினைத்தேன், ஆறாவது நாள் அது 40க்கு வந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது, டெங்கியில் வெள்ளையணுதான் முதலில் விழும், பிளேட்லெட் அப்புறம் விழும் என்று. பத்துப் பதினைந்து நாளில் எல்லாம் பழையபடி ஏறிவிட்டது. என் மருமகள் பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொடுத்தாள், கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. நீயும் குடித்துப் பார்க்கலாம். சமீபத்தில் காய்ச்சல் ஏதும் வந்ததா?


நைட்_ஷிப்ட் | செவ்வாய், காலை 9.30

இப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ரத்த நோய் வார்டில் பதினோரு வருடம் தாதியாக இருக்கிறேன், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மல்லி, முதலில் தம்பியைச் சமாதானப்படுத்துங்கள். இங்கே லிட்டருக்கு எத்தனை பில்லியன் என்று எழுதுவார்கள், ஊரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று எழுதுவார்கள். உங்களுடைய 3.1ம் ஊர்க் கணக்கில் 3100ம் ஒன்றுதான். குறைவுதான், ஆனால் மூன்று இல்லை!

அடுத்தது அந்த 49% அம்புக்குறி. வெள்ளையணு என்பது ஒரே ஒரு அணு இல்லை, ஐந்து வகை அணுக்கள் சேர்ந்த ஒரு கூட்டம். அதில் ஒரு வகை குறைந்தால் மற்ற வகைகளின் சதவீதம் தானாக ஏறித் தெரியும். வகுப்பில் பையன்கள் பாதிப் பேர் லீவு போட்டால் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா? அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 3.1ஐ 49ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் லிம்ஃபோசைட் 1.5, அது முழுக்க நார்மல். நியூட்ரோஃபிலுக்கு 3.1ஐ 39ஆல் பெருக்குங்கள், 1.2 வரும். ஆக, உங்களுக்குக் குறைந்திருப்பது கிருமியோடு முதலில் சண்டை போடும் நியூட்ரோஃபில் மட்டும்.

நியூட்ரோஃபில் 1.5க்குக் கீழே போனால் குறைவு என்போம். 1.0 வரை லேசானது, 1.0க்கும் 0.5க்கும் நடுவில் நடுத்தரம், 0.5க்குக் கீழேதான் எங்களுக்கே வயிற்றைக் கலக்கும். 1.2 இருக்கிற ஆளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தொற்று வரும் என்று சொல்ல முடியாது. என் வார்டில் 0.0 என்ற ரிப்போர்ட்டோடு பலர் படுத்திருக்கிறார்கள், உங்கள் 1.2ஐப் பார்த்தால் அவர்களுக்குப் பொறாமை வரும்.

இன்னொரு சின்ன விஷயம். நியூட்ரோஃபிலில் கிட்டத்தட்ட பாதி ரத்தத்தோடு ஓடாமல் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓடினால், பயந்தால், ஸ்டீராய்டு எடுத்தால் அதெல்லாம் இறங்கி ஓட்டத்தில் சேர்ந்துகொள்ளும், எண்ணிக்கை ஏறும். காலையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்தால் கொஞ்சம் குறைவாகவே வரும். அதனால்தான் ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை.

தாத்தா சொன்ன கேள்வி முக்கியம். கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல், சளி, கொவிட் ஏதாவது? சாதாரண வைரஸ் காய்ச்சலே போதும், அது எலும்பு மஜ்ஜையில் நடக்கும் அணு உற்பத்தியை அடக்கி வைக்கும், சில வாரங்கள் எண்ணிக்கை கீழேயே நிற்கும். இப்படி எதேச்சையாகக் குறைவாக வருபவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இதுதான். பப்பாளி இலை பற்றித் தாத்தாவோடு சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் அதை எல்லாரும் பிளேட்லெட்டுக்காகத்தான் குடிக்கிறார்கள், நியூட்ரோஃபிலுக்கு அது வேண்டாம்.


ஈசூன்_மல்லி | செவ்வாய், மதியம் 1.15

அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். ரொம்ப நன்றி. மூன்று வாரத்துக்கு முன் மகனுக்குச் சளி, எனக்கும் இரண்டு நாள் தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான், காய்ச்சல் என்று படுக்கவில்லை. அது கணக்கில் வருமா?


நைட்_ஷிப்ட் | செவ்வாய், மாலை 5.50

வரலாம், வராமலும் போகலாம். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது, பிரசவத்தின்போது எடுத்தது, எதுவானாலும் சரி, அலமாரியைக் குடையுங்கள். புதிதாகக் குறைந்ததா, எப்போதுமே இப்படித்தானா என்பதைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது, செலவும் இல்லை.


பொங்கோல்_அப்பா | செவ்வாய், இரவு 9.20

மல்லி சகோதரிக்கு மாத்திரை எதுவும் இல்லை, அதனால் அவருக்கு இது பொருந்தாது. ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, பிறகு வந்து படிக்கிற யாருக்காவது உதவும்.

என் மனைவிக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்தது, கார்பிமசோல் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே டாக்டர் சொல்லியிருக்கிறார், தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று. அவள் தலையாட்டியிருக்கிறாள், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டாள், என்னிடமும் சொல்லவில்லை. ஆறாவது வாரம் தொண்டை வலி, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய்க்குள் புண், காய்ச்சல் 39. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனோம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை, நாங்களும் சொல்லவில்லை, தொண்டை மாத்திரையும் பனடோலும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் ராத்திரி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மருந்துப் பையை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தத் துண்டுச் சீட்டு கண்ணில் பட்டது. 995ஐக் கூப்பிட்டேன். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் தனி அறையில் போட்டார்கள். நியூட்ரோஃபில் 0.1.

ஒன்பது நாள் மருத்துவமனை. மஜ்ஜையைத் தூண்ட தினமும் ஓர் ஊசி, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நிற்பேன், பிள்ளைகளை உள்ளே விடவில்லை. பிழைத்துக்கொண்டாள். இனி அந்த மாத்திரையும் கூடாது, அதே குடும்பத்தில் இருக்கும் இன்னொரு தைராய்டு மாத்திரையும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள், பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்துச் சரி செய்தார்கள்.

யார் மேலும் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சீட்டு எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்தால் ஒரு நாள் முன்னாடியே போயிருப்போம்.


நைட்_ஷிப்ட் | புதன், காலை 10.05

பொங்கோல் அண்ணே, எழுதியதற்கு நன்றி. இந்தப் பக்கவிளைவு அபூர்வம், அந்த மாத்திரை சாப்பிடுகிற ஆயிரம் பேரில் சில பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்தால் போதும்.

இதே மாதிரி எண்ணிக்கையைக் குறைக்கக்கூடிய மருந்துகள் இன்னும் உண்டு. மனநல மருந்தான க்ளோசபின் எடுப்பவர்களுக்கு ரத்தம் பார்க்காமல் அடுத்த சீட்டே எழுத மாட்டார்கள், முதல் 18 வாரம் வாராவாரம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக். குடல் அழற்சிக்கும், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூப்பஸ் நோய்க்கும் கொடுக்கும் அசதயோப்ரின், இதை உடைக்கிற மரபணு சிலருக்குச் சரியாக வேலை செய்யாது, அந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம், அதனால் கொடுப்பதற்கு முன் அந்த மரபணுவைப் பரிசோதிப்பது உண்டு. அசதயோப்ரினோடு கௌட் மூட்டுவலிக்கான அலோப்யூரினாலைச் சேர்த்துச் சாப்பிட்டு எண்ணிக்கை பாதாளத்துக்குப் போய் எங்கள் வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு மருந்தையும் இரண்டு வேறு டாக்டர்கள் எழுதியிருப்பார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பெயர் தெரியாத மூட்டுவலி மாத்திரைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்குத் தனி விதி. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் 38 டிகிரி என்றாலே கிளம்பிவிட வேண்டும், ராத்திரி இரண்டு மணி என்றாலும். பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுப்பதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பெரிய தவறு.


இரும்பு_மணி | புதன், மதியம் 12.40

அக்கா ஒரு டவுட். கொவிட் நேரத்தில் ஆரம்பித்த ஜிங்க் மாத்திரை, 50 மில்லிகிராம், இப்பவும் காலை ஒன்று ராத்திரி ஒன்று போடுகிறேன். ஜிம்மில் எல்லாரும் போடுகிறார்கள், எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று. இதுக்கும் வெள்ளையணுவுக்கும் சம்பந்தம் உண்டா?


நைட்_ஷிப்ட் | புதன், மதியம் 12.58

உண்டு தம்பி. ஜிங்க் அதிகமானால் குடல் செம்புச் சத்தை உள்ளே விடாது. மாதக்கணக்கில் அப்படிப் போனால் செம்பு குறையும், செம்பு குறைந்தால் ரத்தசோகையும் நியூட்ரோஃபில் குறைவும் வரும், சிலருக்குக் கால் நரம்பும் பாதிக்கும். எதிர்ப்புச் சக்திக்கு என்று போடும் மாத்திரையே எதிர்ப்பணுவைக் குறைக்கிறது, வேடிக்கைதான். நிறுத்துங்கள், அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போது டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.


இரும்பு_மணி | புதன், மதியம் 1.02

நிறுத்தியாச்சு 😬


சைவம்_ஜூரோங் | புதன், இரவு 8.30

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், வயது 67. பிறந்ததிலிருந்து சைவம், அசைவம் கையால் தொட்டதில்லை, பாலையும் நிறுத்திவிட்டேன். பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரண்டு வருடத்துக்கு முன் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது, எல்லாரும் சர்க்கரை நரம்பு என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன். ரத்தம் எடுத்தபோது வெள்ளையணு 2.9, ஹீமோகுளோபின் 9, பிளேட்லெட் 110, மூன்றுமே கீழே. வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை, எல்லார் மனதிலும் ஒரே நினைப்பு.

பி12 பற்றாக்குறை. அவ்வளவுதான். பி12 இல்லாவிட்டால் மஜ்ஜைக்குள் அணுக்கள் பிறக்கும், ஆனால் முற்றாமல் அங்கேயே செத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாக இருக்க வேண்டுமாம், அதைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவார்களாம். எனக்குத் தலசீமியா மரபுக்கூறும் இருக்கிறது, அது சிவப்பணுவைச் சிறிதாக்கும். பெரிதும் சிறிதும் சேர்ந்து சராசரியில் நார்மல் என்று காட்டிவிட்டது! கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஊசி போட ஆரம்பித்ததும் எண்ணிக்கை இரண்டு மாதத்தில் ஏறிவிட்டது, பாதத்து எறும்பு மட்டும் இன்னும் முழுக்கப் போகவில்லை.

சைவர்கள் கவனிக்க: போலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ரத்தம் சரியானது போலக் காட்டும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும்.


மாலை_ஆறரை | புதன், இரவு 10.12

நைட்_ஷிப்ட் அக்கா "எந்த அணு" என்று பிரித்துச் சொன்னது பற்றி ஒரு வார்த்தை. எனக்கு மொத்தம் 2.8 வந்தது, ஆனால் நியூட்ரோஃபில் ஓரளவு சரி, லிம்ஃபோசைட் மட்டும் 0.6. அதோடு காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாது, வாய்ப்புண், முடி கொத்துக் கொத்தாக, ஈஸ்ட் கோஸ்ட்டில் ஒரு மணி நேரம் வெயிலில் இருந்தால் கன்னம் இரண்டும் சிவந்துவிடும். லூப்பஸ். 26 வயதில். ஹைட்ராக்சிகுளோரோகுயின் போடுகிறேன், இப்போது நன்றாகவே இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், பாட்மிண்டன் ஆடுகிறேன் (மாலை ஆறரைக்கு மேல்தான், பெயர்க் காரணம் அதுதான்). மல்லி அக்கா சொன்னதில் இந்த மாதிரி எதுவும் இல்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் வெறும் எண்ணை மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் மூட்டு, தோல், வாய் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் முடி கொட்டுவதை முடிக்கடையிலும் மூட்டு வலியைக் கிளினிக்கிலும் சொல்லி ஒரு வருடம் வீணாக்கினேன்.


கப்பல்_கணேசன் | வியாழன், காலை 7.45

சில இனத்தாருக்கு இயற்கையாகவே வெள்ளையணு குறைவு என்று எங்கோ படித்தேன். நமக்கும் அப்படித்தானோ என்னவோ? ஒன்றும் செய்ய வேண்டாம் மல்லி, விட்டுவிடுங்கள்.


நைட்_ஷிப்ட் | வியாழன், காலை 9.50

படித்தது சரி அண்ணே, நமக்குப் பொருத்தியதுதான் சரியில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கும் மத்தியக் கிழக்கில் சிலருக்கும் டஃபி என்ற ரத்த வகை சிவப்பணுவில் இருக்காது. ஒரு வகை மலேரியா உள்ளே நுழைவதற்கு அதுதான் கதவு, அது இல்லாததால் அந்த மலேரியா அவர்களை எளிதில் அண்டாது, கூடவே நியூட்ரோஃபிலும் குறைவாகத் தெரியும், உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. தமிழர்களிடம் அது வழக்கம் இல்லை. அதனால் "நம்ம இனமே இப்படி" என்று விட்டுவிட முடியாது, ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும்.


ஈசூன்_மல்லி | வெள்ளி, மாலை 4.35

போய்விட்டு வந்தேன். டாக்டர் பொறுமையான பெண். கழுத்து, அக்குள் எல்லாம் தொட்டுப் பார்த்தார், நெறிக்கட்டி இல்லை. வயிற்றின் இடப்பக்கம் அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தாராம். கல்லீரல் நோயால் மண்ணீரல் பெருத்தால் அது அணுக்களை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார், இல்லை என்றும் சொன்னார். மது உண்டா என்று கேட்டார், அதுவும் மஜ்ஜையைக் கெடுக்குமாம். மறுபடி ரத்தம், ஐந்து குப்பி! பி12, போலேட், தைராய்டு, ஏஎன்ஏ (லூப்பஸ் மாதிரி நோய்க்கான பரிசோதனையாம்), மஞ்சள் காமாலை பி, சி, அப்புறம் எச்ஐவி.

இந்தக் கடைசியில்தான் வீட்டில் பிரச்சினை. என் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு "அவர் உன்னை என்னவென்று நினைத்தார்?" என்று கத்துகிறார். மாமியார் காதில் விழுந்திருக்கும் என்று எனக்கு வேறு பயம். நானே கொஞ்சம் கூசித்தான் போனேன்.

இன்னொன்று, மைலோ டின்னில் போட்டு வைத்திருந்த பழைய காகிதங்களைக் கிளறினேன். 2018ல் மகனைச் சுமந்திருந்தபோது, எட்டாம் மாதம் எடுத்த ரிப்போர்ட் கிடைத்தது. அப்போது 5.9. இப்போது 3.1. பாதியாகக் குறைந்திருக்கிறது அக்கா. இதைப் பார்த்ததும் திரும்பவும் கை நடுங்குது.


நைட்_ஷிப்ட் | வெள்ளி, இரவு 7.15

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அதுதான் நல்ல செய்தி. கர்ப்ப காலத்தில் வெள்ளையணு எல்லாருக்கும் ஏறும். கடைசி மாதங்களில் ஆறு முதல் பதினாறு வரை சாதாரணம், மற்றவர்களுக்குப் பதினாறு வந்தால் ஓடிப்போய் ஆன்டிபயாடிக் கொடுப்போம், கர்ப்பிணிக்கு அது இயல்பு. எட்டாம் மாதத்தில் மற்றவர்களுக்கு ஒன்பது பத்து இருக்கும்போது உங்களுக்கு 5.9தான் என்றால், நீங்கள் அப்போதே குறைந்த பக்கத்தில்தான் இருந்திருக்கிறீர்கள். பாதியாக விழவில்லை, கர்ப்பத்தில் ஏறியது பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் எடுத்தது எதாவது கிடைக்கிறதா பாருங்கள், டின்னை மூடாதீர்கள்.

எச்ஐவி விஷயம். காரணம் தெரியாமல் வெள்ளையணு குறைந்த எவருக்கும் அதை எடுப்பது வழக்கம், எழுபது வயது ஆச்சிக்கும் எடுப்போம். யாரையும் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை, பட்டியலில் ஒரு கட்டம், அதை டிக் பண்ணுகிறோம். உங்கள் கணவரிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் அடங்கிவிடுவார்.


கோப்பி_ஓ_கோசோங் | வெள்ளி, இரவு 8.40

எல்லாரும் சுற்றி வளைக்கிறீங்க, நான் நேரடியாகக் கேட்கிறேன். கேன்சரா இருந்தா எப்படித் தெரியும்? படிக்கிற பாதிப் பேர் அதைத் தேடித்தான் வந்திருப்பாங்க.


நைட்_ஷிப்ட் | வெள்ளி, இரவு 11.55

இடைவேளையில் எழுதுகிறேன். ரத்தப் புற்றுநோய் என்றாலே வெள்ளையணு லட்சக்கணக்கில் ஏறும் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சில நேரம் குறைவாகவும் வரும், அது உண்மை, மறைக்க மாட்டேன். மஜ்ஜையைக் கெட்ட அணுக்கள் அடைத்துக்கொண்டால், அல்லது மஜ்ஜையே வறண்டு போனால், நல்ல அணு வெளியே வராது. ஆனால் ஒரு தொழிற்சாலை நின்றுபோனால் ஒரே ஒரு பொருள் மட்டுமா நிற்கும்? ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கும். முகம் வெளிறும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் நீலம் பாரிக்கும், தொடர்ந்து காய்ச்சல், எடை இறங்கும். வாரா வாரம் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும். பிபிஎஃப் என்று சொல்லும் கண்ணாடித் தகட்டுப் பரிசோதனையில் முதிராத அணுக்கள் தெரியும். இப்படி ஏதாவது இருந்தால்தான் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பது பற்றிப் பேச்சே வரும்.

ஜூரோங் ஐயாவுக்கு மூன்றும் இறங்கி அது வெறும் பி12ஆக முடிந்ததையும் மறக்க வேண்டாம். மல்லிக்கு மற்ற இரண்டும் நார்மல். மணி அடிக்கிறது, போகிறேன்.


தேக்கா_தாத்தா | சனி, காலை 5.50

அப்போ பப்பாளி இலை வேண்டாம் என்கிறாய். சரி. பீட்ரூட்?


நைட்_ஷிப்ட் | சனி, காலை 9.20

தாத்தா 🙏 பீட்ரூட் பொரியல் நன்றாக இருக்கும், சாப்பிடலாம். உடம்பில் ஒரு சத்து குறைந்திருந்தால் அந்தச் சத்தைக் கொடுத்தால் ஏறும், குறையாத ஆளுக்கு வெள்ளையணுவைக் கூட்டுகிற காய்கறி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.


ஈசூன்_மல்லி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.10

முடிவு வந்துவிட்டது. 3.3, நியூட்ரோஃபில் 1.4. பி12, போலேட், தைராய்டு நார்மல். எச்ஐவி, காமாலை பி, சி எதுவும் இல்லை (கணவர் இப்போது ஒன்றுமே நடக்காத மாதிரி டிவி பார்க்கிறார்). தகட்டில் அணுக்கள் பார்க்க ஒழுங்காக இருக்கின்றனவாம். ஏஎன்ஏ மட்டும் லேசாக பாசிட்டிவ், 80ல் ஒன்று. மாலை_ஆறரை எழுதியது ஞாபகம் வந்து ஒரு நிமிடம் மூச்சு நின்றது. டாக்டர் உடனே சொன்னார், இந்த அளவு லேசான பாசிட்டிவ் ஆரோக்கியமான பெண்கள் நிறையப் பேருக்கு இருக்கும், மூட்டு வலியும் தோல் மாற்றமும் இல்லாமல் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று.

அப்புறம் டின்னின் அடியில், நகைக்கடை ரசீதுகளுக்குக் கீழே, 2014ல் வேலைக்குச் சேர எடுத்த மருத்துவப் பரிசோதனை. வெள்ளையணு 3.5! அப்போது யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்தக் காகிதத்தைக் காட்டியதும் டாக்டர் சிரித்துவிட்டார். உங்கள் உடம்புக்கு இதுதான் கணக்கு போலிருக்கிறது, மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்தில் ஒருமுறை பார்ப்போம், நடுவில் காய்ச்சலோ ஆறாத வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் முன்னாடியே வாருங்கள் என்றார். ஏன் குறைவு என்று கேட்டேன். சிலருக்குக் காரணம் கிடைக்காது, கிடைக்காமலே நன்றாக வாழ்வார்கள் என்றார். அந்தப் பதில் எனக்கு இன்னும் முழுசாக ஒட்டவில்லை, ஆனால் இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

அம்மா ஊரிலிருந்து விபூதி அனுப்பியிருக்கிறார், கூடவே ஒரு கிலோ முருங்கைக்கீரைப் பொடி. தம்பி "3300ன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்கிறான்.


பொங்கோல்_அப்பா | ஞாயிறு, இரவு 9.48

சந்தோஷம் சகோதரி. அந்த 2014 காகிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டர் மாறினால் தேவைப்படும்.


செங்காங்_அம்மா | ஐந்து வாரம் கழித்து, புதன் மதியம் 2.20

இந்த இழை முழுக்கப் படித்தேன். என் மகனுக்கு 14 மாதம். போன மாதம் காய்ச்சலில் ரத்தம் எடுத்தபோது நியூட்ரோஃபில் 0.6, இப்போதும் 0.7. நன்றாக விளையாடுகிறான், சாப்பிடுகிறான். மேலே எழுதியதெல்லாம் பெரியவர்களுக்கு, குழந்தைக்கும் இதேதானா?


நைட்_ஷிப்ட் | புதன், மாலை 6.05

குழந்தைகளுக்குக் கணக்கே வேறு அம்மா. இந்த வயதில் சொந்த உடம்பே நியூட்ரோஃபிலை அழிக்கும் ஒரு வகை உண்டு, பெரும்பாலும் சில வருடங்களில் தானாகச் சரியாகிவிடும். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பரம்பரை வகையும் அபூர்வமாக உண்டு, அதைப் பிடிக்கச் சில வாரங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தை மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். 38 தாண்டினால் நேராகக் குழந்தைகள் அவசரப் பிரிவு, காத்திருக்க வேண்டாம். தனியாக ஒரு புது இழை போடுங்கள், இரண்டு ரிப்போர்ட்டின் தேதியும் ஐந்து வகை அணுக்களின் எண்ணும் சேர்த்து எழுதுங்கள். நான் பத்து மணிக்கு வேலைக்குப் போவதற்குள் பார்த்துவிடுகிறேன்.